எலுமிச்சைக்கு எந்தத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம். மாடித் தோட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்கிறேன். வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடியில் நான் முதன்முதலில் சாகடித்த செடி அதுதான்.

வாட விட்டுச் சாகடிக்கவில்லை, போர் தண்ணீர் ஊற்றியே சாகடித்தேன். குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே தண்ணீர். எலுமிச்சைக்கு உப்பு ஆகாது. கொழுந்து இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சத்து போதவில்லை போலிருக்கிறது என்று யூரியாவைப் போட்டேன். குறை அதுவல்ல. மண்ணில் காரம் ஏறிவிட்டால் இரும்பும் துத்தநாகமும் அங்கேயே கிடந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அப்புறம் இலை நுனி கருகி, உதிர்ந்து, வெறும் முள்தான் மிஞ்சியது.

அடுத்த செடிக்கு மழைநீரும் ஏசியில் சொட்டும் தண்ணீரும்தான். கத்திரி வெயிலில் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் காலையில் பாதி வாளியாவது தேறும், உப்பே கிடையாது. போர் தண்ணீரை விட்டால் வழியில்லையா? மழை பெய்யும்போது தொட்டியை வெட்டவெளியில் வையுங்கள். அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓட ஓட உப்பும் கழுவிக்கொண்டு போகும். துளை அடைத்திருந்தால் அதே ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும்.

கன்று வாங்குகிறவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். விதை போட்டாலும் பெரும்பாலும் தாய்ச்செடி மாதிரியே வரும், ஆனால் காய்க்க 4, 5 வருஷம் காத்திருக்க வேண்டும். பதியன் கன்று சீக்கிரம் காய்க்கும். ஒன்றரை அடித் தொட்டி, 6 மணி நேர வெயில், அவ்வளவுதான்.

இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள், அது நகரும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது. வளர வளரப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நாற்றமும் வரும். சின்னக் கன்றை நாலே நாளில் மொட்டையடித்துவிடும். வேப்பெண்ணெய் தெளிக்கலாம். என் பேத்தி விடமாட்டாள். அதனால் புழுக்களைப் பொறுக்கிப் பக்கத்துத் தொட்டிக் கறிவேப்பிலையில் விட்டுவிடுகிறோம். அதையும் நன்றாகவே தின்கிறது. வீட்டுக்காரம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் அவ்வளவு சம்மதமில்லை.