வெரிபி எப்படியும் அவர்களுக்குத்தானா?

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தேர்தல் 2026 நவம்பர் 28, சனிக்கிழமை. மெல்பேர்ணின் மேற்குப் புறநகர்களில் நம் மக்கள் கூடும் இடத்தில் தேர்தல் பேச்சு எழுந்தால், “இந்தத் தொகுதி எப்படியும் லேபருக்குத்தான், யாருக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?” என்று ஒருவராவது சொல்லிவிடுவார். கிழக்கே வசதியான பழைய புறநகர்களில் கட்சியின் பெயரை மட்டும் மாற்றி இதையே சொல்வார்கள். வாக்களிக்காவிட்டால் விதிக்கப்படும் அபராதத்துக்குப் பயந்து வாக்குச்சாவடிக்குப் போய், முதலில் நீட்டப்பட்ட கட்சி அட்டையைப் பார்த்து எண்களை எழுதிவிட்டு வரும் பழக்கம் இந்த நினைப்பிலிருந்துதான் பிறக்கிறது. எனக்கு இது உண்மையாகவே கவலை தருகிறது.

மேற்கே உள்ள வெரிபி தொகுதியைப் பாருங்கள். வெரிபி நகரம், விண்டம் வேல், மேனர் லேக்ஸ், லிட்டில் ரிவர் ஆகிய பகுதிகளைக் கொண்டது. 2022 தேர்தலில், வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்பு வாக்குகளை எல்லாம் பகிர்ந்து முடித்தபோது, லேபர் கட்சி ஏறத்தாழ 61 சதவீதத்தோடு நின்றது. நூறு வாக்காளர்களில் பதினொரு பேர் பக்கம் மாறினால்தான் அங்கே தோல்வி. இந்த இடைவெளி பத்துப் புள்ளிக்கு மேல் இருந்தால் ‘பாதுகாப்பான தொகுதி’ என்பது இங்குள்ள கணக்கு. அப்போது அதன் உறுப்பினராக இருந்த டிம் பாலஸ், 2014 முதல் பத்து ஆண்டுகள் மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்தவர்.

நிதியமைச்சரின் சொந்தத் தொகுதி! ஆனாலும் விண்டம் வேல் நிலையத்துக்கு இன்றும் டீசல் ரயில்தான் வருகிறது. 2015இல் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது சுற்றிலும் புதிய வீடுகள் எழுந்துகொண்டே இருந்தன. 2018 தேர்தலுக்கு முன் அதை மின்மயமாக்குவதாக அறிவித்தார்கள். அது இன்னும் நடக்கவில்லை. ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வெரிபி ரயில் பாதையில் லெவல் கிராசிங்குகளை அகற்றினார்கள், அது பெரிய உதவி. ஆனால் காலையில் நெடுஞ்சாலையை எட்டுவதற்கே வரிசையில் ஊர்ந்து செல்லும் குடும்பங்களுக்கு அது மட்டும் போதாது. தோற்கவே மாட்டோம் என்று ஒரு கட்சியும், வெல்லவே மாட்டோம் என்று இன்னொரு கட்சியும் நினைக்கும் இடத்தில், அந்த மக்களுக்காக யார் வாதாடுவார்கள்?

பாலஸ் பதவி விலகியதால் 2025 பிப்ரவரி 8 அன்று இடைத்தேர்தல் நடந்தது. 45 சதவீதமாக இருந்த லேபரின் முதல் விருப்பு வாக்கு 30க்கும் கீழே இறங்கியது. அந்த வாக்குகள் அப்படியே இன்னொரு பெரிய கட்சியான லிபரலுக்குப் போய்விடவில்லை. அவர்களுக்குச் சில புள்ளிகளே கூடின. பெரும்பகுதி சுயேச்சைகளிடமும் சிறிய கட்சிகளிடமும் சிதறியது. முடிவில் லேபர் வென்றது, ஆனால் பதினொரு புள்ளி பாதுகாப்பு ஒரு புள்ளிக்கும் கீழே வந்துவிட்டது. இன்று எந்தக் கட்சியாலும் வெரிபியைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

எதிர்ப்பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. கிழக்கே உள்ள ஹாதோர்ன், முன்னாள் முதல்வர் டெட் பெயிலியூவின் தொகுதி, லிபரல் கோட்டை. 2018இல் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஜான் கென்னடி லேபர் சார்பில் அங்கே வென்றார். தோற்ற லிபரல் வேட்பாளர் ஜான் பெசுட்டோ, அந்த முடிவு வரும்போது தேர்தல் இரவு தொலைக்காட்சி அரங்கில் கருத்துரையாளராக அமர்ந்திருந்தார். 2022இல் அவரே திரும்பவும் வென்றார் என்பது வேறு கதை.

நம்மவர்களிடம் நான் அதிகம் பேச விரும்புவது விருப்பு வாக்கைப் பற்றி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ‘வாக்கு பிரிந்துவிடும்’ என்ற அச்சம் இரத்தத்திலேயே ஊறியது. அங்கே அது நியாயமான அச்சம். அதிக வாக்கு பெற்றவர் வென்றுவிடுவார், மற்ற வாக்குகள் அதோடு முடிந்துவிடும். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு விருப்பு வாக்கு என்றால் ஒரே பட்டியலுக்குள் மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பது. இங்கே நடப்பது இரண்டுமில்லை. உங்களுக்குப் பிடித்த சுயேச்சைக்கு 1 போடுகிறீர்கள், ஒரு பெரிய கட்சிக்கு 2 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுயேச்சை வெளியேற்றப்பட்டால் உங்கள் சீட்டு முழு மதிப்போடு இரண்டாமவரிடம் போய்ச் சேருகிறது. ஒரு துளியும் வீணாவதில்லை. ஆனால் நீங்கள் யாரை முதலில் விரும்பினீர்கள் என்பது பதிவாகிவிடுகிறது, கட்சிக்காரர்கள் அதைச் சாவடி சாவடியாகப் படிக்கிறார்கள். போதாததற்கு, 2022 தேர்தலில் இருந்த விதிப்படி, 4 சதவீத முதல் விருப்பு வாக்கைத் தொட்ட வேட்பாளருக்கு ஒவ்வொரு முதல் விருப்புக்கும் அரசு பணம் தந்தது.

ஆகவே பெரிய கட்சிக்கு எதிராகத் திரும்பாமலேயே அதற்கு ஒரு கண்டிப்பைச் சொல்ல முடியும். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. யோசித்துப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாக்குச்சாவடி வாசலில் ஒரு கட்சி தரும் அட்டை அந்தக் கட்சியின் பரிந்துரை மட்டுமே. தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டது என்பதால் அது சட்டமாகிவிடாது. சட்டமன்றத்துக்கான சிறிய சீட்டில் எல்லாக் கட்டங்களிலும், ஒன்றையும் விடாமல், ஒரே எண்ணைத் திரும்ப எழுதாமல், எண்ணிட வேண்டும். நியூ சவுத் வேல்ஸிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே 1 மட்டும் போட்டாலும் செல்லும், இங்கே செல்லாது. வீட்டில் அம்மா அப்பா வாக்களிக்கிறார்கள் என்றால் முதல்நாள் ஒரு தாளில் எழுதிப் பழக்குங்கள்.

உங்கள் தெருவில் இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் பலர் இருப்பார்கள். அதே நெரிசலில் நிற்கிறார்கள், அதே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களுடைய குறைகளையும் வேட்பாளரிடம் நீங்கள்தான் எடுத்துச்சொல்ல வேண்டும்.

இதை நவம்பர் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். 2022இல் ஏறத்தாழ பாதிப் பேர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிட்டார்கள். வேட்பாளர்கள் கடைவீதியிலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்கும்போதே நிறுத்திக் கேளுங்கள்: விண்டம் வேலுக்கு மின்சார ரயில் எந்த ஆண்டு வரும், அதற்கான பணம் எந்த நிதிநிலை அறிக்கையில் இருக்கிறது?

நன்றி, வணக்கம்.