கட்டிலில் படுப்பதும் சவாசனமும் ஒன்றா?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பு எல்லோருக்கும் தெரியும். யோகப் பயிற்சியில் ஒருவரை உயர்த்துவது விடாமுயற்சியா, தளர விடும் பக்குவமா? நான் தளர விடும் அணி.

எதிரணித் தலைவர் முயற்சிக்காக அருமையாகப் பேசினார். இரண்டு இடத்தில் நானே கைதட்டினேன். ஆனால் இறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "அந்த அணிக்கு யோகா வகுப்பு எதற்கு? வீட்டில் கட்டில் இருக்கிறதே, போய்ப் படுத்துக்கொள்ளலாமே!" அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தயார் செய்து வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் இனி அந்தக் கட்டிலுக்குத்தான்.

ஐயா, படுப்பது சுலபம் என்று உங்களுக்கு யார் சொன்னது? சுவாத்மாராமர் எழுதிய பழைய யோக நூலான ஹட யோகப் பிரதீபிகையைத் திறந்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளில் மொத்த உடம்பையும் தூக்கி நிறுத்தும் மயூராசனத்தைச் சொல்லிவிட்டு, அதற்கு அடுத்ததாகவே அவர் சொல்வது மல்லாந்து கிடக்கும் சவாசனத்தை. களைப்பு போகும், மனம் ஓய்வு பெறும் என்று பலனும் சொல்கிறார். யோகத்தைக் கெடுக்கும் ஆறு விஷயங்களை அடுக்கும்போது, மிதமிஞ்சிய உணவுக்கு அடுத்த இடத்தில் மிதமிஞ்சிய உழைப்பை வைக்கிறார். ஊக்கமும் துணிவும் வேண்டும் என்று அடுத்த சுலோகத்தில் சொல்வதும் அவர்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

சரி, நூல் இருக்கட்டும். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் யோகா சொல்லிக்கொடுப்பவன். வகுப்பு முடியும் நேரம், எல்லோரும் சவாசனத்தில் கிடக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்து ஒரு சாண் தூக்கினேன். "அம்மா, கையைத் தளர விட்டுடுங்க." "விட்டுட்டேன் தம்பி." நான் என் கையை எடுத்துவிட்டேன். அவர் கை எங்கே போயிருக்க வேண்டும்? பொத்தென்று பாயில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை! தூக்கிய இடத்திலேயே, காற்றில், தானாக நிற்கிறது!

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். கண் மூடியிருக்கிறது. முகம் அமைதியாக இருக்கிறது. வாய் "விட்டுட்டேன்" என்கிறது. கை மட்டும் காற்றில் நிற்கிறது! "அம்மா, கை மேலேயே இருக்கு" என்றேன். "அப்படியா?" என்று மெதுவாக இறக்கி, பத்திரமாகப் பாயில் வைத்தார். "இப்ப சரியா தம்பி?" வைத்தது சரிதான் அம்மா, ஆனால் விடவில்லையே! அடுத்த கைக்கு நகர்ந்தேன். நான் தொடக்கூட இல்லை, எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்தக் கையை அவரே தூக்கிக் கொடுத்தார்!

இதே அம்மா, கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் வளையும் திரிகோணாசனத்தை அசையாமல் செய்வார். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் கால் விரலைத் தொடுவார். எதிரணியின் கணக்கில் அவருக்கு முழு மதிப்பெண். அந்த ஒரு சாண் உயரத்திலிருந்து கையைக் கீழே போடத்தான் அவரால் முடியவில்லை. எதிரணித் தலைவரே, உங்கள் கட்டில் அவருக்கு என்ன செய்யும்? கட்டிலிலும் அந்தக் கை அப்படியேதானே இருக்கும்?

உடம்பின் கதையும் இதுதான். தசைக்குள் அதன் நீளத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய உணர்விகள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் உடனே தண்டுவடத்துக்குச் சேதி போகும், அந்தத் தசையே எதிர்த்துச் சுருங்கும். கால் விரலைத் தொட்டே தீருவேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால், தசையும் இறுகும், ரத்த அழுத்தமும் ஏறும். மெதுவாகப் போய், மூச்சை நீளமாக வெளியே விட்டுப் பாருங்கள். இதயத் துடிப்பு சற்று இறங்கும், தசையும் இடம் கொடுக்க ஆரம்பிக்கும்.

பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலாவது. முயற்சியைத் தளர்த்தி, எல்லையற்றதில் மனத்தைத் தோய விட்டால் அது கைகூடும் என்பது அடுத்தது. "தளர்த்துவதற்கு முதலில் முயற்சி இருக்க வேண்டுமே" என்று எதிரணியிலிருந்து ஒருவர் எழுந்திருப்பார். இருக்கட்டும் ஐயா, யார் வேண்டாம் என்றது? முயற்சி உங்களை ஆசனத்துக்குள் கொண்டுபோய் விடும். அங்கே உங்களை இருக்க வைப்பது அது அல்ல.

அப்புறம் ஒரு நாள், எல்லோரும் போன பிறகு அந்த அம்மா என்னிடம் பேசினார். அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து வருஷக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். அவர் கட்டிலில் படுத்திருப்பார், இந்த அம்மா கீழே தரையில் படுத்துக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டிக் கட்டில் மேல் வைத்திருப்பார். அவர் கொஞ்சம் அசைந்தாலும் தெரிய வேண்டுமே! ராத்திரி முழுக்க அந்தக் கை அங்கேயே இருக்கும். "அவர் போய்ச் சேர்ந்துட்டார் தம்பி. இந்தக் கைக்குத்தான் அது இன்னும் தெரியல" என்றார்.

நடுவர் அவர்களே, இவரிடம் போய் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? வாழ்நாள் முழுவதும் முயன்றவர் அவர். "போதும், இப்போது விடலாம்" என்று ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் அந்தக் கை பொத்தென்று விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். இந்த நிமிஷம் உங்கள் தோள் எங்கே இருக்கிறது, பாருங்கள். காதுப் பக்கம் ஏறியிருக்கிறதா? இறக்குங்கள். பல்லைக் கடித்திருக்கிறீர்களா? விடுங்கள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருக்கும் கையையும் கொஞ்சம் தளர்த்துங்கள், பை எங்கும் போகாது. ஒரு மூச்சு, நீளமாக வெளியே விடுங்கள்.

நடுவர் அவர்களே, நீங்களும்தான். பேனாவை மேசையில் வையுங்கள், தோளை இறக்குங்கள், ஒரு மூச்சு விடுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.