பிள்ளை வாய் திறந்த பிறகு

தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் நம் மாநிலத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைப் பலிகொண்ட பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரைகளை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. 2012இல் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. பிள்ளைகள் இறந்த பின்னரே விதி எழுதுகிறோம் என்பது வெட்கத்துக்குரியது. ஆயினும் கூரையையும் பேருந்தையும் அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தந்துவிட முடியும். நான் பேச வந்திருப்பது எந்த ஆய்வுக் குறிப்பிலும் ஏறாத ஒன்றைப் பற்றி. தனக்கு நேர்ந்த பாலியல் தீங்கைச் சொல்ல ஒரு பிள்ளை வாய் திறந்தால், அடுத்த சில மணி நேரத்தில் பள்ளி என்ன செய்கிறது?

பிள்ளைகள் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. குறிப்பிட்ட ஒரு பாடவேளை நெருங்கும்போது மட்டும் வயிறு வலிக்கும். நன்றாகப் படித்துவந்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய்த் தலைகவிழ்ந்து உட்காரும். பிறகு ஒருநாள், தனக்குப் பிடித்த ஆசிரியையிடம், "டீச்சர், அந்த சார் கிளாஸுக்கு நான் போகல" என்று அரைகுறையாக ஒரு வாக்கியம் வரும். "ஏன், ஹோம்ஒர்க் எழுதலையா?" என்று நாம் கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆண்பிள்ளை என்றால் இந்த அரை வாக்கியம்கூட வராது. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்காமல் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது என்பதை ஆசிரியர்களே பல நேரம் மறந்துவிடுகிறோம்.

"கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சட்டத்தை விடவும் வலுவான காரணம் ஒன்று உண்டு: அடிக்கும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் அந்தரங்கத்தைச் சொல்லாது.

இனி, பிள்ளை சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை வகுப்பாசிரியரிடம் கூறுகிறார். அவர் தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்கிறார். தனியார் பள்ளியானால் தாளாளர் வருகிறார். ஒவ்வோர் அறையிலும் பிள்ளை நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னர் குற்றம் சாட்டப்பட்டவரையும் அழைத்து, எதிரெதிரே நிறுத்தி, "பள்ளியின் பேர் கெட்டுடும், பெண்ணோட எதிர்காலத்தையும் பாருங்க" என்று பெற்றோரிடம் சமாதானம் பேசப்படுகிறது. இதை விசாரணை என்று சொல்லிக்கொள்கிறோம்.

விசாரிப்பது நம் வேலையே அல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பொய்ப் புகாராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான அச்சம்தான். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது அதற்காக எந்த வழக்கும் வராது என்று அதே பிரிவு உறுதி தருகிறது. உண்மையா பொய்யா என்று கண்டறிவதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். சாட்சி சொல்லப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. நீதிமன்றமே இவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்கும்போது, தலைமையாசிரியர் அறையில் ஒரே நாளில் நாலு முறை சொல்லவைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

2021இல் சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் புகார்கள் வெளிவந்த பிறகு, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியும் வந்தன. 1098 என்ற சிறார் உதவி எண்ணையும் 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணையும் பிள்ளைகள் அறிய ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லாரும் பார்க்க மாட்டிவைத்தால் எந்தப் பிள்ளை அதில் கடிதம் போடும்? சாவி யாரிடம் இருக்கிறதோ அவரைப் பற்றியே புகார் என்றால்?

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அந்தப் பொறுப்பை ஓய்வு வேளை மிகுதியாக உள்ள ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுக் கோப்பில் பெயரெழுதும் வழக்கம் நமக்கு நன்றாகவே கைவந்தது, அதைத்தான் அஞ்சுகிறேன்.

புகார் கொடுத்த பின்னரும் பள்ளியின் வேலை முடிவதில்லை. பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறைப் பேச்சில்கூட அடிபடக் கூடாது. மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போன நாட்களின் பாடத்தைத் தனியே சொல்லித்தர ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். புகார் தந்த குடும்பத்திடம் மாற்றுச் சான்றிதழை நீட்டுவது எக்காரணத்தாலும் நடக்கக் கூடாது. இந்த மாத மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பெட்டியின் இடத்தை மாற்றுவதையும், அதன் சாவியைப் பள்ளியில் பணிபுரியாத பெற்றோர் உறுப்பினர் ஒருவரின் முன்னிலையில் மட்டுமே பயன்படுத்துவதையும் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிடுங்கள். நன்றி.