விருது வாங்கிய மூன்று நாவல்கள்: சேலத்துக்காரர்கள் எதை முதலில் படிக்கலாம்?

[கேமராவைப் பார்த்து]

ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சடங்குக்கு வந்து நிற்கும் ஒரு குடும்பம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் சொல்லி அனுப்பப்படும் குடும்பமும் அதுதான். அந்தக் குடும்பத்திலேயே ஒரு சாவு விழுந்தால்? அந்த வீட்டுத் திண்ணையில் நம்மை உட்கார வைக்கும் நாவல் ஒன்று இருக்கிறது. இந்த வீடியோவில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பேசுகிறேன். என் முன்னால் மூன்று புத்தகங்கள்: இமையம் எழுதிய 'செல்லாத பணம்', மு. ராஜேந்திரனின் 'காலா பாணி', தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2020, 2022, 2023 ஆண்டுகளுக்கான சாகித்ய அகாதமி விருதை வரிசையாக வாங்கியவை. நடுவில் 2021க்கான விருது அம்பையின் சிறுகதைகளுக்குப் போனது. விருது வரலாறு இவ்வளவு போதும், கதைக்கு வருவோம்.

[திரையில்: 'காலா பாணி' அட்டை]

1802. சிவகங்கையை ஆண்ட வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவருடைய ஆட்களையும் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றி பினாங்குக்கு நாடு கடத்துகிறார்கள். நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில்கூடப் படிக்காத விஷயம் இது. இதை எழுதியதற்கே ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு ஒரு குறை. ஆவணம் எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கிறது, மனிதர்கள் அதன் பின்னால் வருகிறார்கள். சொந்த மண் கண்ணிலிருந்து மறையும்போது ஒருவன் மனதில் என்ன ஓடியது என்று இன்னும் நிறைய கேட்க ஆசைப்பட்டேன். வரலாற்றுப் பிரியர்கள் கட்டாயம் வாங்குங்கள்.

[திரையில்: 'செல்லாத பணம்' அட்டை]

தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி. இன்ஜினியரிங் படித்தவள். பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடல் வெந்து ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டைச் சுற்றியே நடக்கிறது. நம் பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு ராத்திரி காத்திருந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். பாய், ஃபிளாஸ்க், டாக்டர் என்ன சொன்னார் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் அதே கேள்வி. நடேசனிடம் பணம் இருக்கிறது. கட்டத் தயாராகவும் இருக்கிறார். வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பித் தரத்தான் ஆள் இல்லை. ஒரே மூச்சில் படித்துவிட்டு அப்புறம் தூக்கம் வராமல் கிடந்தேன். மனம் திடமாக இருக்கும் நாளில் எடுங்கள்.

[திரையில்: 'நீர்வழிப் படூஉம்' அட்டை]

சரி, இப்போது நான் காத்துக்கொண்டிருந்த புத்தகம். எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் பழைய முறைப்படி நடக்கும் கொங்கு வேளாளர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே மங்கல வாழ்த்து என்று ஒரு நீண்ட பாட்டு உண்டு. அதைப் பாடுகிறவர் நாவிதர். கம்பர் பாடிக் கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் அடங்கி ஒடுங்கி நிற்க, அவர் குரல் மட்டும் பந்தலில் கேட்கும். யோசித்துப் பாருங்கள், ஊரே கைகட்டிக் கேட்கும் வாழ்த்தைப் பாடியவருக்கு, பாட்டு முடிந்ததும் அந்தப் பந்தலில் சரிசமமாக உட்கார இடம் கிடையாது! அந்தக் குடும்பத்துப் பெண்கள்தான் அந்தக் காலத்தில் பிரசவமும் பார்த்தார்கள். கூலி என்று வருவது அறுவடையில் அளந்து போடும் தானியம். ஊரில் ஒருவர் பிறந்ததிலிருந்து பாடையேறும் வரை கூடவே நின்றவர்கள், ஊர்க் கதை எதிலும் ஓரத்தில்தான் வருவார்கள்.

தேவிபாரதி அவர்களை நடுவீட்டில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். குடிநாவிதரான காரு மாமா இறந்துபோகிறார். மனைவியும் பிள்ளைகளும் பிரிந்துபோன பிறகு தனியாகவே நின்ற மனிதர். அவருடைய சாவுக்கு உறவுகள் வந்து சேரச் சேர, அக்கா தங்கைகளின் ஒப்பாரியிலும் சண்டையிலும் பழைய கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஆசிரியர் எங்கேயும் குறுக்கே வந்து விளக்கம் சொல்வதில்லை. பரிதாபப்படச் சொல்லி நம்மை நெருக்குவதும் இல்லை. இந்த வீட்டில் கோபக்காரர்கள் இருக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிய கதை என்றாலே நல்லவர்களை மட்டும் காட்டும் நாவல்கள் எனக்கு அலுத்துவிட்டன. அதனால்தான் இது இவ்வளவு பிடித்திருக்கிறது.

முடிவை நெருங்கும்போது உறவுகள் கூடித் தாயம் ஆடும் இடம் ஒன்று வரும். அதற்கு மேல் சொல்லமாட்டேன். சமீபத்தில் நான் படித்த தமிழ் நாவல்களில் அதற்கு இணையான இடம் வேறு இல்லை. இன்னொன்று, தலைப்பு புறநானூறு 192ஆம் பாட்டிலிருந்து வருகிறது. 'யாதும் ஊரே' என்று நாம் மேடைக்கு மேடை சொல்லும் அதே பாட்டுதான். முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் முழுப் பாட்டையும் படித்துவிட்டு நாவலுக்குள் போங்கள்.

ஆக, என் வரிசை: முதலில் 'நீர்வழிப் படூஉம்', இரண்டாவது 'செல்லாத பணம்', பிறகு 'காலா பாணி'. பட்டியலை மாற்றச் சொல்லிச் சண்டை போட வருகிறவர்களிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இமையம் ரவிக்கும் தன் பக்கத்தைப் பேச இடம் கொடுக்கிறார். அது அவனுக்கு வக்காலத்தா? என் கருத்து, இல்லை. அவன் பேசப் பேசத்தான் ரேவதி எவ்வளவு தனியாக இருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. படித்தவர்கள் என்ன நினைத்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். முடிவை மட்டும் போட்டு உடைத்துவிடாதீர்கள், படிக்காதவர்களும் அங்கே வருவார்கள்.