காணாக்கடிக்கு மாத்திரை கேட்காதபோது

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரி படுத்ததும் இடுப்பில் நாடா அழுத்திய இடத்தில் அரிப்பு தொடங்கும். சொறியச் சொறிய திட்டுத் திட்டாகத் தடிக்கும். காலையில் டாக்டரிடம் போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இந்தக் காணாக்கடி ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்போம்.

"செட்ரிசின் போட்டேன் டாக்டர், கேட்கவே இல்லை" என்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, எப்படிப் போட்டீர்கள் என்றுதான். பெரும்பாலும் அரித்த அன்று ஒன்று, அடங்கியதும் நிறுத்தம். அது போதாது. அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் போட வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால், டாக்டர் மேற்பார்வையில் அளவை நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. நீங்களாகக் கூட்ட வேண்டாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு அவையே தடிப்பைக் கிளப்பிவிடும். ஒரே தடிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டி நின்று, கன்றிய தடம் விட்டுப் போனால் வேறு நோயாக இருக்கலாம். துளி தோல் எடுத்துச் சோதிப்போம்.

சரி, நான்கு மடங்குக்கும் மசியவில்லையா? ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. ஆஸ்துமாவுக்கு வந்த மருந்து. 2014இல் அமெரிக்காவில் இதற்கும் அனுமதி கிடைத்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில் போடுவார்கள். விலைதான் இடிக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் சைக்ளோஸ்போரின் மருந்து அதைவிட மலிவு, ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்து நிற்கும் சீரத்தை அவருக்கே வாராவாரம் ஊசியாகப் போடும் முறையும் நம் நாட்டில் உண்டு. செலவு குறைவுதான், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வேறு வழி இல்லாதவர்களுக்கு மட்டுமே நான் அதைப் பற்றிப் பேசுவேன்.

அப்புறம், அருகம்புல், மிளகு, வெற்றிலைக் கஷாயம். மாத்திரையை நிறுத்தாமல், வீட்டில் நீங்களே இடித்துக் குடித்தால் பெரிய ஆட்சேபணை இல்லை. எனக்குப் பயமெல்லாம் பெயரில்லாத பொட்டலப் பொடிமேல்தான். இரண்டே நாளில் அரிப்பு மாயமாகி, போகப் போக முகம் உப்பி, விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் வாருங்கள்.

தடிப்போடு நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.