விசில் சத்தம் கேட்கும் தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிறந்தது மதுரை செல்லூரில். வாழ்க்கைப்பட்டது திருச்சி உறையூரில். இரண்டுமே நெசவுக்குப் பேர்போன இடங்கள். வாசலை ஒட்டி வாசல், ஒரு சைக்கிள் நின்றால் இன்னொரு சைக்கிள் ஒதுங்க வேண்டிய சந்துகள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போய் வருகிறேன். போகிற இடமெல்லாம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "திருச்சி சுத்தமான ஊர், மதுரை குப்பை ஊர்." திருச்சி உறவினர்கள் சொல்லும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கும். அதையே மதுரை உறவினர்கள் சலித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளும்போது வருத்தம் இன்னும் கூடும்.

பட்டியலைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி போலத்தான் தெரியும். மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில், 2016-ல் 73 நகரங்களில் திருச்சி மூன்றாவது இடம். 2017-ல் 434 நகரங்களில் ஆறாவது. மதுரையோ, 2025-ல் வந்த பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் நாற்பதாவது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே மார்க் போடுவோமா? ஊருக்கு மட்டும் ஏன் அப்படிப் போடுகிறோம்? ஒரு பகுதியை அதே மாதிரியான இன்னொரு பகுதியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

திருச்சியில் ஒரு கே.கே. நகர் இருக்கிறது, மதுரையிலும் ஒரு கே.கே. நகர் இருக்கிறது. இரண்டிலும் அகலமான சாலை, மரம், மதில் வைத்த வீடுகள். காலை எட்டு மணிக்கு ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால், எந்த ஊர் என்று சொல்லத் தடுமாறுவார். சரி, அதே ஆளைத் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் கூட்டிப் போங்கள், அப்புறம் மதுரை கீழமாசி வீதியில் மொத்தக் கடைகள் இருக்கும் பக்கம் கூட்டிப் போங்கள். இரண்டு இடத்திலும் காலடியில் கிழிந்த சாக்கும் சணல் கயிறும் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஊரோடு ஊரை வைத்துப் பார்க்காதீர்கள், தெருவோடு தெருவை வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது ஒன்று. தெரு சுத்தமாக இருப்பதும் இல்லாததும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, அதே மணிக்கு மறுநாளும் வருகிறதா என்பதில்தான் இருக்கிறது.

எங்கள் உறையூர்த் தெருவுக்கு ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா வருவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். காலை ஏழே காலுக்கு விசில் கேட்கும். இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் பிள்ளைகளைக் குளிக்க விரட்டுவார்கள். விசில் கேட்டதும் வீட்டுக்கு வீடு வாளியோடு ஆள் வந்து நிற்கும். மக்கும் குப்பை ஒன்று, மக்காத குப்பை ஒன்று. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே இது இருந்தது, ஆனால் எங்கள் தெருவுக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தது அந்த அக்காதான்.

ஒருநாள் என் வாளியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பால் கவர் மூலையை வெட்டிப் போடாதீங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவரே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு நீலத் துணுக்கு, காய்கறித் தோலோடு ஒட்டிக் கிடந்தது. "கவரைப் பொறுக்கிடலாம், இதை எப்படிப் பொறுக்குறது? உரத்தோட உரமா வயலுக்குப் போயிடும். பாதி வெட்டுங்க, துண்டு கவரோடயே தொங்கட்டும்" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் பால் கவரின் மூலை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நேயர்களே, நாளைக் காலை நீங்களும் அப்படி வெட்டிப் பாருங்கள்.

அந்த அக்காவின் மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் அவர் வரவில்லை. மாற்று ஆள் ஒருநாள் ஒன்பதுக்கு வந்தார், ஒருநாள் பதினொன்றுக்கு வந்தார், ஒருநாள் வரவே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வாளியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்கள்? நாலாம் நாள் முனைக் கம்பத்தடியில் ஒரு பை விழுந்தது. ஒரே ஒரு பை. சாயங்காலத்துக்குள் ஆறேழு ஆகிவிட்டது. ராத்திரி நாய்கள் கிழித்தன, காலையில் மாடுகள் வந்தன. அதே தெரு, அதே மனிதர்கள், நேற்று வரை தோல் வேறு கவர் வேறு என்று பிரித்துக் கொடுத்தவர்கள்! அக்கா திரும்பி வந்து பழையபடி ஏழே காலுக்கு விசில் அடித்த பிறகும், அந்த இடத்தில் பை விழுவது நிற்க இரண்டு மாதம் ஆனது. கடைசியில் கம்பத்தடியைக் கழுவி அவரே ஒரு கோலம் போட்டார். கோலத்தின் மேல் பையைப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

செல்லூரில் என் அண்ணன் வீட்டுச் சந்தில் இருப்பவர்களும் இதே மாதிரி மனிதர்கள்தான். அங்கே வண்டி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. மதினி நிலைப்படியில் நின்று தெருவை எட்டி எட்டிப் பார்ப்பார், பிறகு பையைக் கட்டி முனைக்கு எடுத்துப் போவார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மதுரையால் முடியாது என்று யாராவது சொன்னால் சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிக்கு வாருங்கள் என்பேன். தேர் நகர்ந்து போன பின்னால் வீதி முழுக்க மோர் குடித்த டம்ளர், அட்டை விசிறி, அறுந்த செருப்பு. தேருக்குப் பின்னாலேயே தூய்மைப் பணியாளர்கள் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள். லட்சக்கணக்கான பேர் நின்ற வீதி அது. அன்று எந்த வீதிக்கு யார், எத்தனை மணிக்கு என்று முடிவு செய்து ஆளை நிறுத்துகிறார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் செல்லூருக்கும் அதே முடிவு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நேரம் வேண்டும், மறுநாளும் அதே நேரம் வேண்டும்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். திருச்சி கல்மந்தையில் பெண்கள் குழுக்கள் பொதுக் கழிப்பிடத்தை நடத்திவந்ததைப் பற்றிச் சொல்ல எழுதி வந்திருந்தேன், இன்னொரு நாள் சொல்கிறேன். வாய்க்கால் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை.

திருச்சிக்குள் ஓடும் உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குப் போவது பந்தல்குடி வாய்க்கால். சுத்தமான ஊர், குப்பை ஊர் என்ற வித்தியாசமெல்லாம் இந்த இரண்டு கரையிலும் காணாமல் போய்விடுகிறது. வாசல் பக்கம் வாளியில் பிரித்துக் கொடுக்கிற வீட்டிலிருந்தே கொல்லைப் பக்கம் பழைய தலையணை வாய்க்காலில் விழுகிறது. வாசலுக்கு வண்டி வருகிறது, கொல்லைப் பக்கம் யாரும் வருவதில்லை. இந்த இரண்டு கரைகளிலும் குடியிருப்பவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாய்க்கால் கரைக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்?

வணக்கம்.