பற்றவைப்பு இல்லாத வால்வு

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவக் கருவிகளை உருவாக்குவதில் பல்கலைக்கழகமும் தொழில்துறையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் நாம் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். செயற்கை இதய வால்வு.

1958-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளர், ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் இதய அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனார். எட்வர்ட்ஸ் அறுபதை எட்டியவர், விமான எஞ்சினுக்கான எரிபொருள் பம்பில் பெயர் வாங்கியவர். செயற்கை இதயமே செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு போனார். “முதலில் ஒரு வால்வு செய்வோம்” என்றார் ஸ்டார். 1960 செப்டம்பரில் அவர்கள் செய்த வால்வு ஒரு நோயாளியின் இதயத்தில் வெற்றிகரமாக இயங்கியது. எதைச் செய்ய வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்தது, எப்படிச் செய்வது என்பது பொறியாளருக்குத் தெரிந்திருந்தது. செய்த பொருளைத் தொடர்ந்து தயாரிக்க எட்வர்ட்ஸே ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

நம் பக்கத்துக்கு வருவோம். தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கும் ருமாட்டிக் காய்ச்சல், கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் இதய வால்வைக் கெடுத்துவிடும். இது நெரிசலான வீடுகளில், ஏழைக் குழந்தைகளிடம் அதிகம் வருகிற நோய். அதனால் வால்வு தேவைப்பட்டவர்களில் பலர் இளம் வயதினர், கையில் காசில்லாதவர்கள். வால்வோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் இருந்தும், வால்வு வாங்க முடியாததால் நோயாளி திரும்பிப் போன காலம் அது.

அப்போதுதான் திருவனந்தபுரத்தில் இதய அறுவை மருத்துவரான டாக்டர் எம்.எஸ். வலியத்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது, ஆஸ்பத்திரியையும் பொறியியல் ஆய்வுக்கூடத்தையும் ஒரே நிறுவனத்துக்குள் கொண்டுவந்தது. பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் அரண்மனை ஒன்று ஆய்வுக்கூடமாக மாறியது. காலையில் இதயத்தைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர், உலோகவியலாளரிடம் அன்றைக்கே போய்ப் பேச முடிந்தது. இந்த வசதி நம் நாட்டில் இன்றைக்கும் அபூர்வம்.

ஆனாலும் வால்வு எளிதில் வந்துவிடவில்லை. மூன்று மாதிரிகள் அடுத்தடுத்துத் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த இடம், அதாவது வெல்டிங் செய்த இடம், பலவீனமானது. அடுத்ததில் டைட்டானியம் தேய்ந்தது. பிறகு, கதவு போலத் திறந்து மூடும் வட்டு, நீலமணிப் படிகத்தால் செய்தது, உடைந்தது. இதயம் வருடத்துக்குச் சுமார் 4 கோடி தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூட வேண்டும், அதுவும் இருபது முப்பது வருடங்களுக்கு. அந்தக் கணக்கோடு பார்த்தால் இந்தத் தோல்விகளில் ஆச்சரியமில்லை. நான்காவது மாதிரியில் தேய்மானத்தைத் தாங்கும் கோபால்ட் உலோகக் கலவையில் கூடு, அதற்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் வட்டு, சுற்றிலும் தையல் போட பாலியெஸ்டர் வளையம். கூடு முழுவதும் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. எங்கும் பற்றவைப்பு கிடையாது.

அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சுவீடனின் பியோர்க் என்ற மருத்துவரும் அமெரிக்காவின் ஷைலி கம்பெனியும் சேர்ந்து செய்த ஒரு வகை வால்வு, உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் வட்டைப் பிடித்திருக்கும், பற்றவைத்த ஒரு கம்பி, சிலருக்கு உடலுக்குள்ளேயே முறிந்தது. வட்டு கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி முறிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1986-ல் அதன் விற்பனை நின்றது. இதுவும் மருத்துவரும் தொழில்துறையும் கைகோத்த கதைதான், மாணவர்கள் இதையும் படிக்க வேண்டும். கூட்டு முயற்சி என்றாலே நல்லது நடந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கே முறிகிறது, எத்தனை முறிகிறது என்ற தகவல் மருத்துவர்களிடம் தாமதமில்லாமல் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, திருவனந்தபுரத்தில் செய்த அந்த வால்வுக்கு, சித்ரா வால்வுக்கு வருவோம். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அடுத்த நான்கைந்து வருடங்களில் 6 மருத்துவமனைகளில் 306 பேரிடம் சோதனை நடந்தது. தயாரிக்க முன்வந்தது சென்னையின் டிடிகே குழுமம். ஆமாம், நம் வீட்டு பிரஷர் குக்கர்காரர்கள்தான். இதய வால்வு செய்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஆனால் தொழிற்சாலையைத் திருவனந்தபுரத்திலேயே அமைத்தார்கள். ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் ஒரே ஊரில் இருந்ததைச் சின்ன விஷயமாக நான் பார்க்கவில்லை. மூன்று மாதிரிகள் ஏன் தோற்றன என்பதை முழுவதும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வட்டின் ஓரம் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும், எந்தக் கீறலைப் பார்த்தால் பொருளை ஒதுக்கிவிட வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன, இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில்.

அதே ஆய்வுக்கூடத்திலிருந்துதான் ரத்தப் பையும் வந்தது. கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் சேமித்த காலத்தில், சி. பாலகோபால் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு, அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி பென்போல் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஜப்பானின் டெருமோ அதோடு சேர்ந்தது.

இனி ‘திறந்த புத்தாக்கம்’ பற்றி. கம்பெனி தன் சுவருக்கு வெளியே உள்ள அறிவையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், தன்னிடம் சும்மா கிடப்பதை வெளியே விட வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ 2003-ல் எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1976-ல், இன்னொரு அமெரிக்க ஆய்வாளரான எரிக் வான் ஹிப்பெல் அறிவியல் கருவிகளை ஆராய்ந்து, முக்கியமான புதுமைகளில் பெரும்பாலானவை கருவியைப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்தே வந்தன என்று காட்டினார். மருத்துவத்தில் பயன்படுத்துகிறவர் என்றால் அறுவை மருத்துவர் மட்டுமில்லை. நர்ஸ், டெக்னீஷியன், நோயாளி எல்லோரும்தான். ஐஐடி மெட்ராஸ் ஆய்வகத்தில் உருவான நிற்கவைக்கும் சக்கர நாற்காலி 2019-ல் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் மூலம் சந்தைக்கு வந்தது. அப்படிப்பட்ட நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்தான் அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்.

திறந்துவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில், கொரோனா வேகமாகப் பரவியபோது, மெட்ட்ரானிக் கம்பெனி தன் வென்டிலேட்டர் ஒன்றின் வரைபடங்களை எல்லோருக்கும் வெளியிட்டது. உயர்ந்த செயல், சந்தேகமில்லை. அந்த வரைபடத்தை வைத்து வென்டிலேட்டர் செய்து காட்டியவர்களில் ஒருவர் வியட்நாமின் வின்குரூப். கார் தயாரிக்கும் தொழிற்சாலையும் பொறியாளர்களும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். வரைபடம் எல்லோர் கைக்கும் வரலாம். அதைப் பொருளாக மாற்றும் கைகளை அவசரம் வந்த பிறகு தேட முடியாது.

அதனால் இங்கே அமர்ந்திருக்கும் துணைவேந்தர்களிடமும் கம்பெனி நிர்வாகிகளிடமும் சில விஷயங்களை வெளிப்படையாகக் கேட்கிறேன். தொழில்நுட்பத்தைக் கைமாற்றும் ஒப்பந்தத்தில் தோற்ற மாதிரிகளின் பதிவேடும் சேர வேண்டும். பொருளை வடிவமைத்த ஆய்வாளர் முதல் இரண்டு வருடமாவது தொழிற்சாலையில் இருக்க விடுப்பு கொடுங்கள். அந்த இரண்டு வருடத்தைப் பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாகக் கணக்கில் எடுங்கள். இன்றைக்கு அந்த வருடங்களுக்கு மதிப்பே இல்லாததால் நம் இளைஞர்கள் கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவியாக இருந்தாலும், விற்பனைக்குப் பின் வரும் பழுதுத் தகவலைக் கம்பெனியும் பல்கலைக்கழகமும் ஒரே நேரத்தில் பார்க்கிற உரிமை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். காப்புரிமைப் பங்கு எவ்வளவு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.